வேலை முடிந்தால் வீடும் முடியும்: தேவிகுளம் மலையில் ஒரு லயத்து வீட்டின் கணக்கு

முன்னறை 10 அடிக்கு 11 அடி. அடுக்களை 10 அடிக்கு 7 அடி. டேப்பின் ஒரு முனையைச் சித்தி பிடித்துக்கொண்டு நின்றார், மறுமுனை என் கையில். மொத்தம் 180 சதுர அடி. முன்பக்கத் திண்ணையைத் தகரமும் தார்ப்பாயும் வைத்து அடைத்து அதில் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். மகன் பத்தாம் வகுப்புப் படித்தபோது அடைத்தது, இன்றும் அப்படியே இருக்கிறது. சித்தி, சித்தப்பா, மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன் என்று ஐந்து பேர் அந்த வீட்டில். அடுக்களைச் சுவர் புகையேறிக் கறுத்து மினுங்குகிறது. மழைக்காலத்தில் விறகு காயாது என்பதால் அடுப்புக்கு மேலே ஒரு பரண். அதில் விறகு, அதன் பக்கத்திலேயே ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கிற பிளாஸ்டிக் டப்பா. ஈரம் ஏறாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

நான் அளந்தது ஒரு விண்ணப்பத்துக்காக. அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து ஜனங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து இந்த மலையில் அரசுக் காகிதம் பெரும்பாலும் மலையாளத்தில் வரும், வாசிக்க வேண்டியவர்கள் தமிழர்கள். அதனால் எழுதுவதோடு சேர்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதும் என் வேலையாகிவிட்டது. சித்தி சொந்தச் சித்தி இல்லை. என் அம்மாவோடு ஒரே தேயிலைக் காட்டில் 20 வருடம் கொழுந்து எடுத்தவர். அவருக்கு 58 ஆனது. எஸ்டேட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பணி ஓய்வு, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு வேண்டிய காகிதங்கள், கூடவே 60 நாளுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்த ஆய்வு. எஸ்டேட் பெயர் இதில் தேவையில்லை. தேவிகுளம், பீர்மேடு இரண்டு தாலுகாவிலும் எந்த எஸ்டேட்டில் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

வீட்டுக்காக ஒரு வேலை

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்று அதன் 15-ஆம் பிரிவு சொன்னது. வீடு இடிந்து விழுந்து யாராவது செத்தாலோ காயப்பட்டாலோ முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று பிற்பாடு 1981-ல் ஒரு திருத்தமும் சேர்ந்தது. 2025 நவம்பர் 21-லிருந்து அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வீட்டு வசதி முதலாளி பொறுப்பு என்ற ஏற்பாடு அதிலும் உண்டு.

அந்தக் காலத்துக்கு இது நல்ல சட்டம். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்றுத் தம்பிரானிடம் குத்தகைக்கு எடுத்த காடு இது. திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து கங்காணிகள் அழைத்துவந்த ஜனங்களுக்கு லயம் என்ற வரிசை வீடு தவிர வேறு கூரை கிடையாது. சட்டம் அந்தக் கூரையை உறுதி செய்தது. ஆனால் வீட்டை வேலையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. பெர்மனென்ட் தொழிலாளி ஒருவர் வீட்டில் இருக்கும்வரை வீடு இருக்கும். அவர் ஓய்வு பெற்றால், அதே குடும்பத்தில் இன்னொருவர் பேர் மஸ்டரில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், இருக்க வேண்டும். இல்லையென்றால் சாமான்களை ஜீப்பில் ஏற்ற வேண்டியதுதான்.

சித்தியின் மகன் மூணாறு டவுனில் ஜீப் ஓட்டுகிறான். மருமகள் பி.காம் படித்த பெண். டவுனில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். கடிதம் வந்த இரண்டாவது வாரம் அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது டெம்பரவரியாகக் கொழுந்துக்குப் போகிறாள். பெர்மனென்ட் ஆகும்வரை இருந்துகொள்ளலாம் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. அவளிடம் கேட்டேன்.

“அண்ணே, ஓட்டல்ல சம்பளம் கூடத்தான். ஆனா அந்தச் சம்பளத்துல வாடகை குடுத்துட்டு மிச்சத்துல என்ன செய்ய? இங்க வாடகை இல்ல, கரண்டுக்கு மட்டும் குடுத்தா போதும். அத்தை மாமாவ எங்க கொண்டுபோய் விட?”

இந்த ஒரு பதிலில் இந்த மலையின் வீட்டுப் பிரச்சினை மொத்தமும் இருக்கிறது. வேலைக்காக வீடு என்று தொடங்கிய ஏற்பாடு, மூன்றாவது தலைமுறையில் வீட்டுக்காக வேலை என்று திரும்பிவிட்டது. கல்லூரி முடித்த பிள்ளைகள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்குவதை நான் வருடத்துக்கு நாலைந்து குடும்பத்திலாவது பார்க்கிறேன். கொழுந்து எடுப்பது கேவலமான வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். என்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். பிடித்துச் செய்ய வேண்டிய வேலையை, தெருவுக்குப் போய்விடக் கூடாது என்ற பயத்தில் செய்ய வைக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

35 வருட உழைப்புக்கு எத்தனை சதுர அடி

கிராஜுவிட்டிக் கணக்கு எளிது. ஒரு வருடச் சர்வீஸுக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 460 என்று வைத்துக்கொண்டு, 35 வருடத்துக்குப் போட்டால் 2,41,500 ரூபாய். 1972-ஆம் வருடச் சட்டப்படி இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. மலையில் பழக்கம் வேறு: வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகுதான் காசோலை. பணம் கிடைத்தால்தான் வேறு வீடு பார்க்க முடியும், வேறு வீடு பார்த்துப் போனால்தான் பணம் கிடைக்கும். இந்த முடிச்சில் மாதக்கணக்காக, சில பேர் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். சித்திக்கு மருமகள் பேரைக் காட்டிப் பேசியதால் பணம் ஓரளவு சீக்கிரம் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு இன்னும் வரவில்லை.

கேரள அரசின் லைஃப் மிஷனில் வீடு கட்ட 4 லட்சம் தருகிறார்கள். ஆதிவாசிக் குடிகளில் 6 லட்சம். 400 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,000 என்று குறைத்தே போட்டாலும் 8 லட்சம் ஆகிறது. மலையில் அதுவும் போதாது. சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். டிப்பர் போகிற ரோடு முடிகிற இடத்தில் இறக்கி, ஜீப்பில் மாற்றி, ஜீப்பும் போகாத இடத்தில் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு மூட்டை சிமெண்ட் வீட்டு வாசலை அடைவதற்குள் மூன்று கூலி விழுந்துவிடும். இடவப்பாதி மழை பிடித்தால் ஆகஸ்ட் முடியும்வரை வேலை நிற்கும்.

சித்தியின் கிராஜுவிட்டி, லைஃப் 4 லட்சம், மகன் எடுக்கக்கூடிய ஒரு சின்னக் கடன். இதையெல்லாம் கூட்டினால் வீட்டுச் செலவை எட்டிப் பிடித்துவிடலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும். பணக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு நான் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன். அப்புறம் விண்ணப்பத்தில் நிலம் பற்றிய கட்டத்துக்கு வந்தோம்.

மண் இல்லாதவர்களின் மலை

1970 ஜனவரி 1 கேரளத்தின் வரலாற்றில் பெரிய நாள். நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் முழு வேகமும் அன்றுதான் தொடங்கியது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாகக் கிடைத்தது. கேரளத்தில் ஏழைகூடத் தன் வீட்டு முற்றத்தில் ஒரு தென்னையும் ஒரு பலாவும் வைத்திருக்கிறான் என்றால் அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. பயிர்த்தொழில் சிதறக்கூடாது என்ற காரணம் நியாயமானதே. ஆனால் தோட்டத்துக்குள் குடியிருந்தவர்கள் அந்த விலக்கோடு சேர்ந்து விலகிப் போனார்கள். ஆலப்புழையில் வயல் வேலை செய்த குடும்பத்துக்கு 10 சென்ட். அதே வருடம் மூணாறில் தேயிலை வேலை செய்த குடும்பத்துக்கு லயத்து அறை மட்டும். இன்று இந்த இரண்டு குடும்பத்தின் பேரப்பிள்ளைகளும் ஒரே லைஃப் விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். ஒருவருக்கு நிலக் கட்டத்தில் எழுத ஒரு நம்பர் இருக்கிறது.

அடுத்த வருடமே, 1971-ல், கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் வந்தது. கம்பெனியிடமிருந்த நிலம் முழுவதும் அரசிடம் வந்தது. அதிலிருந்து தேயிலைக்கென்று சுமார் 57,000 ஏக்கர் திரும்பத் தரப்பட்டது. மீந்த நிலத்தில் ஒரு பகுதி இரவிகுளம் தேசியப் பூங்கா ஆனது. வரையாடுகளுக்கு அந்த 97 சதுர கிலோமீட்டர் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நிலமற்றவர்களுக்கு வீட்டு மனை என்ற பேச்சும் அந்தச் சட்டத்தின் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இரண்டு தலைமுறை ஓய்வு பெற்றுப் போய்விட்டது.

நிலச்சீர்திருத்தச் சட்டத்துக்கு 2005-ல் ஒரு திருத்தம் எழுதி, 2012-ல் அது நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தில் 5 சதவீதம் வரை வேறு பயிர், மாட்டுப் பண்ணை, ஓட்டல், ரிசார்ட் போன்ற சுற்றுலா வேலைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று அது அனுமதித்தது. தோட்ட முதலாளி தொழிலாளிக்குக் கட்டும் லயம் தோட்டத்தின் பகுதியாகவே கணக்காகும். அதே இடத்தில் 3 சென்ட் தொழிலாளியின் பேருக்குப் பட்டயமாக, அதாவது பட்டாவாக, போவதற்கு மட்டும் அந்தப் பட்டியலில் வழி எழுதவில்லை. இதைச் சித்தியிடம் விளக்கிச் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. “அப்போ வர்றவங்க தங்கறதுக்கு இடம் இருக்கு, இருக்கறவங்க தங்கத்தான் இல்ல, அப்படித்தானய்யா?” என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊத எழுந்து போனார்.

வெளியே சொந்தமாக 3 சென்ட் வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். மூணாறு டவுனைச் சுற்றி வீட்டு மனையின் விலையைத் தீர்மானிப்பது சுற்றுலாக்காரர்களின் ராத்திரி வாடகை. அப்படியே கடன் வாங்கி ஒரு துண்டு பிடித்தாலும், 2010-ல் ஹைகோர்ட் தலையிட்ட பிறகு மூணாறு சுற்றுவட்டக் கிராமங்களில் வருவாய்த்துறையின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இல்லாமல் பஞ்சாயத்து பெர்மிட் தராது. சரிவில் அடுக்கடுக்காய் எழும்பிய கட்டடங்களைத் தடுக்க அப்படி ஒரு பிடி வேண்டியிருந்தது. அதே பிடியில் 400 சதுர அடிக்காரனும் மாட்டிக்கொண்டான். அவனுக்கு வக்கீல் வைக்கவும் திருவனந்தபுரம் போய்வரவும் வழி இல்லை. அரசு நிலத்தைப் பட்டயமாகத் தரும் சட்டத்துக்கு 2023 செப்டம்பரில் சட்டசபை ஒரு திருத்தம் கொண்டுவந்து 2024-ல் ஆளுநர் கையெழுத்தும் ஆனது. அது ஏற்கனவே பட்டயம் உள்ளவர்களின் பிரச்சினை. பட்டயமே இல்லாத சித்திக்கு அதில் ஒன்றும் இல்லை.

1950-க்கு முந்தைய ஒரு காகிதம்

இந்த லயங்களில் இருப்பவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடக் குடும்பங்கள். நிலமில்லாத பட்டியல் சாதியினர் மனை வாங்கக் கேரள அரசில் தனித் திட்டம் உண்டு. சித்தி அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது அவர் குடும்பம் இந்த எல்லைக்குள் வாழ்ந்தது என்று நிரூபிக்க வேண்டும்.

சித்தியின் தாத்தா 1950-க்கு முன்னாலேயே இந்த மலைக்கு வந்தவர். அதற்கு இருக்கிற ஆதாரம், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சித்தியின் அப்பா படித்த இரண்டு வருடம். அந்தப் பள்ளிப் பதிவேட்டைத் தேடி நானும் அவர் மகனும் மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவை கிடைத்தது. கரையான் அரித்த பக்கத்தில் பேர் இருந்தது, வருடம் இருந்த மூலை போயிருந்தது. ஆபீஸில் அதை ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மோசமானவர் இல்லை. பாவம், விதியைக் காட்டினார்.

நிலம் இல்லாததற்கு ஈடாக அரசு வைத்திருக்கும் கதவைத் திறக்கவும் பழைய பதிவு ஒன்று வேண்டியிருக்கிறது. கங்காணி கணக்குப்புத்தகத்தில் ஒரு பேராக வந்தவர்களிடம் யார் பதிவு வைத்தார்கள்?

பூட்டிய அறைகள்

சித்தியின் லயத்தில் பத்து வீடு. இரண்டு பூட்டிக் கிடக்கிறது. இரண்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களும் நம்மைப் போல் வயிற்றுக்கு வந்தவர்கள்தான். ஒரு குழந்தைக்கு அங்கன்வாடியில் சேர்க்க நானே ஆதார் திருத்திக் கொடுத்தேன். மீதி ஆறில் நம் ஜனங்கள். அந்தப் பூட்டிய அறைகளில் முன்பு இருந்த ஒரு குடும்பம் இப்போது டவுனில் ஒற்றை அறைக்கு மாதம் 5,000 கொடுக்கிறது.

இதனால்தான், எத்தனை வீடு குறைகிறது என்று எண்ணுகிற கணக்கு இங்கே வழி தவறிப் போகிறது என்கிறேன். ஆளுக்கு ஒரு அறை என்று பார்த்தால் சில எஸ்டேட்டுகளில் பற்றாக்குறையே காட்டாது. பெர்மனென்ட் ஆட்கள் குறையக் குறையக் காலி அறை கூடுகிறது, கூடவே வீடில்லாதவர்களும் கூடுகிறார்கள். காலி அறை பராமரிப்பு இல்லாமல் இரண்டு மழையில் ஓடு சரியும், மூன்றாவது மழையில் சுவர் ஊறும். பீர்மேட்டில் 2000-ஐ ஒட்டிச் சில தோட்டங்களை முதலாளிகள் கைவிட்டுப் போனார்கள். அங்கே ஜனங்கள் கூலியும் கிராஜுவிட்டியும் இல்லாமல், யாரும் பழுது பார்க்காத கூரைக்குக் கீழேயே வருடக்கணக்காக இருந்தார்கள். சாவியைக் கேட்கவும் ஆள் இல்லை, தார்ப்பாய் வாங்கித் தரவும் ஆள் இல்லை. லயம் பழுதுபார்க்க அரசு பட்ஜெட்டில் 10 கோடி ஒதுக்கியதும் நடந்தது. ஆனால் சொந்தமில்லாத வீட்டுக்கு எத்தனை தடவை ஓடு மாற்றினாலும் அது அடுத்த கடிதம் வரும்வரைதான்.

2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்று பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது என் அம்மாவும் சித்தியும் அதில் இருந்தார்கள். 20 சதவீத போனஸ், 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கு என்பது கோரிக்கை. போனஸ் கிடைத்தது, கூலி பிற்பாடு 301 ஆனது. அந்த நாட்களில் ராத்திரி ரோட்டோரத்தில் பேசியதில் பாதி வீட்டைப் பற்றித்தான் என்று அம்மா சொல்வார். கூலியைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க முடிந்தது. வீட்டை யார் முன்னால் வைப்பது என்று தெரியவில்லை. கம்பெனி, நிலம் அரசினுடையது என்று சொல்லும். அரசு, தொழிலாளி கம்பெனியினுடையவர் என்று சொல்லும்.

நடந்த இடங்கள்

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி. மலை உடைந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் விடிய வேண்டியிருந்தது. எனக்கு அதைப் பற்றி நிறைய எழுத முடியாது. என்னோடு படித்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஆனால் ஒன்றை இந்த ஆய்வில் பதிய வேண்டும். வீடு முழுக்கப் போனவர்களுக்காக அரசு குட்டியார் வேலி என்ற பகுதியில் இடம் கொடுத்தது, அங்கே கம்பெனி 8 வீடு கட்டியது. ஒரு வருடம் முடிவதற்குள் சாவி கைமாறியது. அந்த எட்டு வீட்டுக்கும் பட்டயம், என்.ஓ.சி., ரோடு, தண்ணீர் எல்லாம் தேவைப்பட்டது, எல்லாம் கிடைத்தது. 40 வருடம் முடியாது என்று கேட்டுப் பழகிய ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். எட்டுக்கு முடிந்தது எண்ணூறுக்கு ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி, துக்கத்தோடு சேர்ந்தே எழுந்தது. பிழைத்த சில பேருக்கு அந்த எட்டில் இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறையும் இருந்தது. அதுவும் நியாயமான குறைதான்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு அரசு இன்னும் பெரிதாகச் செய்தது. முண்டக்கை, சூரல்மலையில் வீடிழந்தவர்களுக்காகக் கல்பற்றையில் எல்ஸ்டன் எஸ்டேட்டில் 64 ஹெக்டேர் எடுத்தது. ஒரு குடும்பத்துக்கு 7 சென்ட், 1,000 சதுர அடி வீடு. 2025 மார்ச் 27-ல் அடிக்கல். எஸ்டேட் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது, கோர்ட் அரசை நிறுத்தவில்லை. தோட்ட நிலம் வீட்டு நிலமாக மாற முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதற்கு மலை இடிந்து விழும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அடிமாலி மச்சிப்ளாவில் 217 வீடுகள் கொண்ட அடுக்குமாடி இன்னொரு முயற்சி. நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கு லைஃப் மிஷன் கொடுத்தது. சித்தியை அங்கே விண்ணப்பிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். மூணாறிலிருந்து 30 கிலோமீட்டர். மகன் காலை 4 மணிக்கு ஜீப் எடுப்பவன். மருமகளுக்கு எஸ்டேட் வேலை போய்விடும். சித்தப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஆனாலும் லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி பீன்ஸும் கேரட்டும் போட்டு, ஒரு மாடு வைத்து, வீட்டுச் செலவில் கால் பங்கை அதிலேயே எடுக்கிறார். மாட்டை ஏழு மாடிக் கட்டடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வீடு கிடைத்து வேலையும் மாடும் போனால், அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி மலையேறுவார்கள்.

1972-ல் எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கிய லட்சம் வீடு திட்டத்தை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. குறைகள் இருந்தன, ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கிட்ட வீடுகள், நாளாக நாளாக இடம் போதவில்லை. ஆனால் காலுக்குக் கீழே இருந்த நாலு சென்ட் அவர்களுடையது. மூணாறில் இன்றும் லட்சம் காலனி என்று ஒரு இடம் உண்டு. அங்கே இருப்பவர்கள் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், மாடி எடுக்கிறார்கள், பிள்ளைக்குப் பாகம் பிரிக்கிறார்கள். வீடில்லாதவர்கள் பட்டியலில் அவர்கள் பேர் வருவதில்லை.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால்

லயங்கள் இருக்கும் இடத்துக்கு அருகே, டிப்பர் போகும் ரோட்டை ஒட்டி, சரிவும் ஓடையும் இல்லாத இடமாகப் பார்த்து, எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு சின்னக் குடியிருப்பு. ஆளுக்கு 3 சென்ட், அது முடியாவிட்டால் 2 சென்ட். அந்த மண் தொழிலாளியின் பேரில் இருக்க வேண்டும். விற்கக் கூடாது என்று வேண்டுமானால் 25 வருடத்துக்கு நிபந்தனை போடட்டும், ரிசார்ட் ஆகாமல் இருக்க அது தேவைதான். 2018-ல் தோட்டத் தொழிலுக்கு வரிச்சலுகை அறிவித்தபோதே, தொழிலாளர் வீடுகளை லைஃப் மிஷனில் சேர்ப்பது, அதற்கு இடத்தைத் தோட்டங்கள் இலவசமாகத் தருவது என்று அரசு சொன்னது. 2021 கடைசியில் ‘மனசோடித்திரி மண்ணு’ என்று, மனதோடு கொஞ்சம் மண் தாருங்கள் என்று தனியார் நில உடைமையாளர்களிடம் அரசு கை நீட்டியது. நல்ல உள்ளங்கள் கொடுத்தார்கள். இந்த மலையில் பெரும் நிலம் வைத்திருப்பது அரசும் தோட்டமும். இவர்கள் இரண்டு பேரும் முடிவெடுத்தால் மற்ற யாருடைய மனசையும் தட்ட வேண்டியதில்லை.

எந்த இடம் பாதுகாப்பானது என்பதைத் தாலுகா ஆபீஸில் வரைபடம் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. புவியியல் ஆய்வுத்துறை வரைபடமும் வேண்டும், அந்தக் காட்டில் 30 வருடம் நடந்த காலும் வேண்டும். எந்த ஓடை எந்த மழையில் திசை மாறும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும்.

கிராஜுவிட்டியை வீட்டுச் சாவியோடு கட்டிப்போடும் பழக்கத்தை நிறுத்த புதிதாக ஒரு பைசாகூட வேண்டாம். சாதிச் சான்றிதழுக்கு எஸ்டேட்டுகளின் பழைய மஸ்டர் புத்தகங்களையும் கோயில், சர்ச் பதிவுகளையும் ஆதாரமாக ஏற்றுக்கொண்டால், என் மேசைக்கு வரும் குடும்பங்களில் பாதிக்காவது வழி திறக்கும். மற்றதற்கு நாளாகும் என்றால் ஆகட்டும், இந்த இரண்டையும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

சித்தி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கிராஜுவிட்டி வந்ததும் கடையநல்லூர்ப் பக்கம் தாத்தாவின் ஊருக்கு அருகே 3 சென்ட் வாங்கிவிட்டார். பத்திரப் பதிவுக்கு நானும் கூடப் போனேன். அதிகாலை மூணாறில் ஏறி, தேனியில் மாறி, போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நாலு மூலைக்கும் கல் ஊன்றினோம். கரம்பை மண், ஒரு வேப்பங்கன்று, தூரத்தில் மேற்கு மலை நீலமாகத் தெரிந்தது. சித்தி அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரு முகம் கூட இல்லை. 58 வருடத்தில் அங்கே அவர் தூங்கிய ராத்திரிகள் பத்து கூட இருக்காது.

வீடு கட்டத் தமிழ்நாட்டில் கலைஞரின் கனவு இல்லம் இருக்கிறது. 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். ஊராட்சியில் விசாரித்தோம். அந்தக் கிராமத்தில் குடிசையில் வாழ்கிறவர் என்று கணக்கெடுப்பில் பேர் இருக்க வேண்டும் என்றார்கள். சித்தியின் ரேஷன் கார்டும் ஓட்டும் கேரளத்தில் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிவிட்டால் இங்கே லைஃப் பட்டியல், பென்ஷன், மருத்துவ அட்டை எல்லாம் போகும். மாற்றாமல் விட்டால் அங்கே வீட்டுக்கு உதவி இல்லை. இங்கே லைஃப் விண்ணப்பத்தில், குடும்பத்துக்குச் சொந்த நிலம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இப்போது 3 சென்ட் இருக்கிறது, 200 கிலோமீட்டருக்கு அப்பால். பொய் எழுதச் சித்தி சம்மதிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை மருமகளுக்குப் பெர்மனென்ட் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்க லயத்துக்குப் போனேன். இன்னும் இல்லை. அவள் காட்டிலிருந்து திரும்பவில்லை. பேரன் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தான். சித்தி டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, கடையநல்லூர்ப் பத்திரத்தையும் இங்குள்ள ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எதையாவது ஒண்ண வச்சு அந்தப் பாரத்த முடியேன்யா” என்றார். நிரந்தர விலாசம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது.